மனச்சிதைவு நோயும் வீட்டாரின் பங்கும்

பெங்களூரில் மனநல வார்டு நர்சாக முப்பது ஆண்டுகள் இருந்தேன். வீட்டார் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "சிஸ்டர், நாங்க வளர்த்த விதம் சரியில்லையா?" என்பதுதான். அப்படியில்லை. மனச்சிதைவு மூளை சார்ந்த நோய். வளர்ப்பின் குற்றமுமன்று, செய்வினையுமன்று.

ஆனால் தேறியவர் மறுபடி விழாமல் காப்பதில் வீட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஓயாமல் குறை சொல்லும் வீடுகளிலும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைக்கும் வீடுகளிலும் நோய் அதிகம் திரும்புகிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் 1970களிலேயே கண்டனர். 1987இல் வெளிவந்த சண்டிகர் ஆய்வில், அங்குள்ள குடும்பங்களில் இக்கடுமை லண்டனைவிடக் குறைவாகவே இருந்தது. அந்தப் பொறுமை நம் சொத்து.

"காதுல யாரோ திட்டுறாங்க" என்றால் "பொய்" என்று வாதாட வேண்டாம். ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கலப்பா, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது" என்றால் போதும். குளிக்காமல் படுத்தே கிடப்பது சோம்பலன்று. பெரும்பாலும் அதுவும் நோயே. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல் சிறு வேலை கொடுங்கள்.

"நல்லாத்தானே இருக்கான்" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நானே தவறினேன். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். உறவுக்காரர் கண்ணில் படக்கூடாதென்று தம்பியின் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். திரும்பிய பிறகு அவன் அதைத் தொடவே மறுத்தான். அடுத்த மாதம் என் வார்டிலேயே அவனைச் சேர்த்தேன்.

மறைக்காதீர்கள். வெளியூரில் மொழி தெரியாமல் தவிப்பவர்கள், அரசின் இலவச டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். பார்த்துக்கொள்பவரும் ஆள் மாற்றி ஓய்வெடுங்கள். வார்டில் எங்களுக்கே ஷிஃப்ட் உண்டு.