கறுப்பு பூசிய இரண்டடி ராக்கெட்

கறுப்பு வண்ணத்திடம் எந்தக் குறையையும் ஒளிக்க முடியாது. வெள்ளைக் காரில் கண்ணுக்குப் படாத நெளிவு, கறுப்புக் காரில் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். தவளக்குப்பத்தில் கடலூர் சாலையோரம் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வண்ணம்தான் என் பிழைப்பு. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலுக்குள் ஒரு ராக்கெட் வரைபடம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், உடம்பு முழுக்கக் கறுப்பாக நிற்கிறது ராக்கெட். இதைச் செய்தே தீர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அதன் பெயர் பிக் பெர்த்தா. அமெரிக்காவின் எஸ்டெஸ் நிறுவனம் 1960-களில் விற்கத் தொடங்கிய மாதிரி ராக்கெட். நீளம் 24 அங்குலம். குழாயின் வெளிவிட்டம் 41.6 மி.மீ. நான்கு அகன்ற இறக்கைகள், மழுங்கிய மூக்கு. ராக்கெட் என்றால் மூக்கு ஊசிபோல் இருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒலியைவிட மெதுவாகப் போகும் பொருளுக்கு உருண்டை மூக்கே நல்லது. காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவர் ஒரு செருப்புக் கடைக்காரர். நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரைச் சேர்ந்த ஆர்வில் கார்லைல், விமான மாதிரிகளில் ஆர்வம் கொண்ட தன் சகோதரர் ராபர்ட்டுக்காக 1954-ல் காகிதக் குழாயில் ஒரு ராக்கெட் செய்தார். பாராசூட் விரித்துப் பத்திரமாகத் தரையிறங்கும் ராக்கெட். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்த பிறகு, அமெரிக்கச் சிறுவர்கள் பலர் இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்துப் பற்றவைத்து விரலையும் கண்ணையும் இழந்தார்கள். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் கார்லைலின் முறையைப் பரப்பினார். எஸ்டெஸ் நிறுவனத்தைத் தொடங்கிய வெர்ன் எஸ்டெஸ், மருந்து அடைத்த ராக்கெட் மோட்டார்களை வேகமாகச் செய்துதள்ள ஓர் எந்திரத்தை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் மேபல். அன்று வகுத்த விதிகள்தான் இன்றும் நடப்பில் இருக்கின்றன: உடம்பில் உலோகம் கூடாது, மருந்தை வீட்டில் கலக்கக் கூடாது, தள்ளி நின்று மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டும்.

வரைபடம் கேட்கும் குழாய் இங்கே கிடைக்காது. துணிக்கடை அட்டைக் குழாய் கனம் அதிகம். ஹார்ட்வேர் கடையில் 40 மி.மீ. பி.வி.சி. குழாய் வாங்கி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சுற்றி, பழுப்புக் காகித நாடாவைப் பசை தடவிச் சாய்வாக இரண்டு அடுக்கு சுற்றினேன். காய்ந்ததும் உருவி எடுத்தால் வரைபட அளவுக்கு மிக நெருங்கிய குழாய் கையில் இருந்தது.

மூக்கைக் காகிதக் கூழில் செய்தேன். நம் புதுச்சேரியின் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த வேலை செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது மரத்தைத் தேடி அலைவானேன்? மூக்கு சற்றுக் கனமாக இருந்தாலும் ராக்கெட்டுக்கு நன்மையே. வால் கனத்தால்தான் ஆபத்து.

இறக்கைகளுக்கு மட்டும் சென்னையிலிருந்து பால்சா தகடு வரவழைத்தேன். தேக்கின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவே இருக்கும் மரம். மர ரேகை இறக்கையின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும் என்று வரைபடம் அம்புக்குறி போட்டுச் சொல்கிறது. குறுக்கே வெட்டினால் காற்று அழுத்தத்தில் ஒடிந்துவிடும். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைச் சீவினாற்போல் தேய்த்து, குழாயில் ஒட்டும் விளிம்பைத் தட்டையாகவே விட்டேன். காகிதப் பட்டையைக் குழாயில் சுற்றி, எடுத்து நான்காக மடித்தால் நான்கு இறக்கைக்கும் இடம் கிடைத்துவிடும். நேர்கோடு போட இரும்பு எல்-ஆங்கிளைச் சாய்த்து வைத்தேன். ஃபெவிகாலை இரு பக்கமும் தடவிக் காயவிட்டு, மீண்டும் தடவி ஒட்டினால் பிடி விடாது.

இனி என் தொழில். குழாயின் சுருள் கோடும் பால்சாவின் நுண்துளைகளும் மறையாமல் கறுப்பு அடிக்க முடியாது. கார் வேலைக்காரனின் கை தானாகப் பட்டி டப்பாவைத் தேடும். இங்கே அதற்கு இடமில்லை. காருக்கு அரைக் கிலோ பட்டி கணக்கே இல்லை. இந்த ராக்கெட்டின் மொத்த எடையே 60 கிராமைச் சுற்றித்தான். இறக்கைமேல் ஏறும் ஒவ்வொரு கிராமும் எடைமையத்தை வாலை நோக்கி இழுக்கும்.

அதனால் தச்சர்கள் பாலிஷுக்கு முன் அடிக்கும் சாண்டிங் சீலரைத் தண்ணீர்போல் நீர்க்கவிட்டு இறக்கையில் பூசினேன். காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தேன்; பூசியதில் பெரும்பகுதி தூசாகப் போனது. போகத்தான் வேண்டும், துளைக்குள் தங்குவது மட்டும் போதும். விரல்நுனிக்கு ரேகை தட்டாமல் போகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். குழாயின் சுருளில் மட்டும் பட்டியைக் கோடாக இழுத்து, மற்ற இடத்தில் சுத்தமாக வழித்தெடுத்தேன். அதன்மேல் சாம்பல் நிற சர்ஃபேசர். அதை 600 நம்பரில் தேய்க்கும்போது மேடு வெளுக்கும், பள்ளம் அடர்ந்து நிற்கும். பரப்பு தன் குறையைத் தானே காட்டும் நேரம் அது. எந்த வண்டியிலும் இந்தக் கட்டத்தை நான் அவசரப்படுத்துவதில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கதி. கடல் கிட்டே. ஐப்பசி மழையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். கறுப்பில் இதைவிடக் கொடுமை இல்லை. மழை விட்டு, தை மாத வெயில் ஏறிய முற்பகலில், ஸ்பிரே கன்னைத் தூரத்தில் பிடித்து மெல்லிய கோட்டுகளாக அடித்தேன். வழவழப்பை அழகு என்று மட்டும் எண்ண வேண்டாம். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். உப்புத்தாள் தேய்க்காமல் விட்ட ஒவ்வொரு சொரசொரப்புக்கும் உயரத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். பூச்சு வேலை ராக்கெட்டைப் பறக்கவைக்கும் வேலையில் ஒரு பங்கு என்பதை இந்தப் பழைய வரைபடம்தான் எனக்குச் சொன்னது.

பிறகு சமநிலைச் சோதனை. ராக்கெட்டின் எடைமையம், காற்றின் விசை குவியும் காற்றழுத்த மையத்துக்கு முன்னால் ஒரு குழாய் விட்டம் அளவாவது தள்ளியிருக்க வேண்டும். காற்றழுத்த மையத்தைக் கணக்கிட நாசாவின் ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் எளிய சூத்திரங்கள் தந்தார். அதற்கும் முந்தைய வழி: பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் நிறுத்திப் பார்ப்பது. கடைசியில் கயிற்றுச் சோதனை. மோட்டார் இருக்கும் இடத்தில் மோட்டாருக்கு ஈடான 25 கிராம் எடையைச் செருகி, எடைமையத்தில் கயிறு கட்டி, அபிஷேகப்பாக்கம் சாலையோரம் அறுவடையான வயலில் தலைக்குமேல் சுழற்றினேன். மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு காற்றைக் கிழித்து வந்தது.

அங்கே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், "மாமா, இதை விடலாமா?" என்றான். "மோட்டார் இல்லாம எப்படிடா?" என்றேன். மேலை நாட்டுக் கடைகளில் கிடைக்கும் மோட்டாரில் சி6-5 என்று எழுதியிருக்கும். சி என்றால் மொத்தக் கணத்தாக்கு 10 நியூட்டன்-நொடிக்குள். 6 சராசரி உந்துவிசை. 5 என்பது எரிந்து முடிந்து பாராசூட் வெளிவரும்வரை உள்ள நொடிகள். இவ்வளவு அளந்து செய்யும் பொருளுக்குப் பட்டாசு மருந்து ஈடாகாது. உரிமம் இல்லாமல் மருந்து கலப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். அதைவிட, ஒரு பிள்ளையின் கை போய்விட்டால் திரும்ப வராது. பெற்றோரும் ஆசிரியர்களும் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பறக்கவிடும் ஆசைக்கு முறையான வழி உண்டு. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரம் அருகே பட்டிபுலத்தில் பள்ளி மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோள்களைச் சுமந்து ஒரு ராக்கெட் எழுந்தது. உரிய அனுமதியோடு, நிறுவனங்களின் துணையோடு.

நம் நாடும் சின்னதாகத்தான் தொடங்கியது. 1967 நவம்பர் 20-ல் தும்பாவிலிருந்து கிளம்பிய நம் முதல் சொந்த ஆய்வு ராக்கெட் ரோகிணி ஆர்.எச்.-75. பெயரில் உள்ள 75 அதன் விட்டம், மில்லிமீட்டரில். என் பெர்த்தாவைப்போல இரண்டு மடங்குகூட இல்லை! ஹார்ட்வேர் கடையில் 75 மி.மீ. பி.வி.சி. குழாயும் இருக்கிறது. பள்ளிக் கண்காட்சியில் நிறுத்த அந்தப் பையனும் நானும் ரோகிணியைச் செய்யப் போகிறோம். பறக்காத உருவம் என்பதால் எடைக் கவலை இல்லை. இந்த முறை பட்டி போடலாம். பையனிடம் 320 நம்பர் தாளைக் கொடுத்திருக்கிறேன், பி.வி.சி.யின் பளபளப்பு போகும்வரை தேய்க்கச் சொல்லி. இல்லாவிட்டால் பிரைமர் பிடிக்காது.