புலால் மறுத்தலும் ஒரு சுருக்குக் கம்பியும்

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியில் உள்ள தோட்டப் பாடசாலையொன்றிலே நான் தமிழ் கற்பித்து வந்தேன். 2020 தை மாதத்தில் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பிலே திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் நடந்தது. உண்போர் இல்லையேல் ஊன் விற்போரும் இலர் என்னும் வள்ளுவரின் வாதத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்தான்.

"எங்க வீட்டுல தீபாவளிக்குத்தான் சேர் கறி. நாங்க எதை விடுறது?"

வகுப்பு நகைத்தது. நான் நகைக்கவில்லை. முந்திய ஞாயிறன்றுதான் பதுளைக் கடைத்தெருவிலே வயிறார ஆட்டிறைச்சி உண்டு வந்திருந்தேன்.

அவன் கேட்டது குறும்பன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 வீதமே. ரொட்டியும் சம்பலும் உண்டு கொழுந்து பறிக்க மலையேறும் தாயிடம், கிடைக்கும் ஒரு முட்டையையும் விட்டுவிடு என்று சொல்ல எந்த நாத் துணியும்?

பின்னர் அவ்வாண்டு மே மாதத்தில் அச்செய்தி வந்தது. மஸ்கெலியாவுக்கு அப்பால், நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றிலே காட்டுப்பன்றிக்கென வைத்த சுருக்குக் கம்பியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கழுத்து மாட்டிக்கொண்டது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும், சில நாட்களில் இறந்தது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியுமா? மரக்கறிப் பாத்தியைக் காக்கவும் அதனைக் கட்டுவர், இறைச்சிக்காகவும் கட்டுவர். நண்பரொருவரின் விருந்திலே பன்றியிறைச்சியை நானும் சுவைத்ததுண்டு. அது எவ்வாறு கிடைத்தது என்று கேட்டேனல்லேன். வள்ளுவர் சொன்ன அந்த உண்பவன் நானேயன்றோ! அன்றே ஊனை விட்டேன்.

மனிதச் செயல்களால் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதம் கால்நடை வளர்ப்பினால் விளைவது என ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய அமைப்பு 2013இல் கணித்ததைப் பிற்பாடு வாசித்தேன். எனினும், லயத்தின் பின்னே தேயிலையோரப் புல்லைத் தின்று பாலும் எருவும் தரும் ஒற்றைப் பசுவை அக்கணக்கிலே குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. குளிரூட்டிகளில் மலைபோற் குவியும் இறைச்சியின் கணக்கு வேறு.

2023 தீபாவளியன்று அம்மாணவன் வீட்டுக்கு அழைத்தார்கள். அவன் அப்போது உயர்தர வகுப்பில் இருந்தான். அடுப்பிலே கோழிக்குழம்பு கொதித்தது. "சேருக்குன்னு தனிச்சட்டியில வச்சேங்க" என்று அவன் தாயார் பருப்பையும் வாழைக்காய்ப் பொரியலையும் கொண்டு வந்தார். அவன் கோழியை உண்டான். நான் பருப்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். ஒரே பாயிலேதான் அமர்ந்திருந்தோம்.