இங்கிதம் தெரிந்த அக்கா

என் மகள் பிறந்த பதினெட்டாம் நாள். சேலையூரில் சின்ன வாடகை வீடு. பல்லாவரத்திலிருந்து உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் குழந்தையைப் பார்க்க வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்ததும், "என்னடி, எலிக்குஞ்சாட்டம் இருக்கு! உனக்குப் பால் பத்தலை போலிருக்கே?" என்றார். பாசமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. குழந்தை சிணுங்கினாலே 'பசியோ, பசியோ' என்று பதறினேன். என் அழுகையைப் பார்த்துப் பயந்து, என் கணவர் மறுநாள் காலையிலேயே பால் பவுடர் டப்பா வாங்கி வந்துவிட்டார்.

அன்று மதியம் பக்கத்து வீட்டு அக்கா பூண்டுக் குழம்போடு வந்தார். என் சிவந்த கண்களைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த டப்பாவையும் பார்த்தார். 'ஏன் அழுதே?' என்று கேட்கவில்லை. கொல்லைப் பக்கம் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தவர், கொடியைக் காட்டி என் அம்மாவிடம், "அம்மாடி, இத்தனை துணியா! ஒரு நாளைக்கு எத்தனை நனைக்கறா உங்க பேத்தி?" என்றார்.

"எட்டு, ஒன்பது இருக்கும்."

"அப்போ வயிறு நிறையக் குடிக்கறான்னு அர்த்தம். குடிக்காம எப்படிம்மா நனைப்பா?"

அவ்வளவுதான். என் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. பிறகு எடை பார்த்த டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார்: நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் ஏறினால், பால் போதுகிறது. குறைந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். தாய் மனம் கலங்கினால் பால் இறங்குவதும் தடைப்படுமாம். டப்பாவைப் பிரிக்கவே இல்லை!

'இங்கிதம்' என்பதற்கு அன்றுதான் எனக்குப் பொருள் புரிந்தது. அது வடமொழிச் சொல். முகக்குறிப்பு, உடலசைவில் தெரியும் மனக்கருத்து என்பதே அங்கே பொருள். தமிழிலோ, அந்தக் குறிப்பை அறிந்து நடக்கும் பண்புக்கே அது பெயராகிவிட்டது. வள்ளுவரும் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். பொருட்பாலில் 71-வது, காமத்துப்பாலில் 110-வது. அரச சபைக்கும் அது வேண்டும், அன்புள்ள இருவருக்கும் வேண்டும்!

'நாசூக்கு' வேறு. பாரசீகத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் மென்மை. ஒன்றை மென்மையாகச் சொல்வது நாசூக்கு. அதைச் சொல்லலாமா, கூடாதா என்று அறிவது இங்கிதம். பெரியம்மாவிடம் மரியாதைக்கோ பாசத்துக்கோ குறைவில்லை. என் முகத்தைத்தான் அவர் பார்க்கவில்லை.

நான் மட்டும் என்ன உசத்தி? போன மாதம் தாம்பரம் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், தெரிந்த பெண் ஒருத்தியைப் பார்த்தேன். கல்யாணமாகி நாலு வருஷம். 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் மடியிலிருந்த மகளைப் பார்த்தவள், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேள்வியை விழுங்கிவிட்டு, "மல்லி வாசனையா இருக்கே, எங்கே வாங்கினே?" என்றேன். திரும்பிச் சிரித்தாள். குரோம்பேட்டை வரை பேசிக்கொண்டே வந்தோம்.

குழந்தை பார்க்கப் போகும் சகோதரிகளே! கையைக் கழுவுங்கள், பச்சிளங்குழந்தைக்கு முத்தம் வேண்டாம், சீக்கிரம் கிளம்புங்கள். இதற்கெல்லாம் முன்னால், தாயின் முகத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். என்ன பேசலாம் என்று அந்த முகமே சொல்லிவிடும்.