பழைய கணினியைக் கடையில் கொடுக்கும் முன்

மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப் சாலையோரத்துக் கடைவீடுகளிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் பல வீடுகளில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படித்த 2020, 2021 காலத்தில் கடன்பட்டு வாங்கியது, அல்லது யாரோ பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கியது. பெரும்பாலும் விண்டோஸ் 10தான் அதில் ஓடும். அந்த இயங்குதளத்துக்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

கணினி அன்றோடு நின்றுபோகவில்லை. மறுநாளும் திறந்தது, பாடம் காட்டியது, படம் காட்டியது. அதனால்தான் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆபத்து உடனே தெரியாது. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸ் கணினிகளும்தான் மாட்டிக்கொண்டன. புதுப்பிப்பு வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது பூட்டில்லாத வீட்டில் சம்பளப் பணத்தை வைத்திருப்பதற்குச் சமம்.

இனி என்ன செய்வது என்று கேட்டால் "புதிது வாங்குங்கள்" என்பார்கள். தேயிலை பறிக்கும் குடும்பத்துக்கு அது அவ்வளவு எளிதில்லை. அதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகள் இருக்கின்றன.

முதலில், உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்னும் இலவசச் செயலி அதைச் சொல்லிவிடும். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் புராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். சில கணினிகளில் அந்தச் சில்லு இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டாலே போதும், புதுக் கணினி தேவைப்படாது. ஏற்காத கணினிகளுக்கும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்கிறது. முப்பது அமெரிக்க டாலர் கட்டணம் என்று அறிவித்தாலும், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமித்து வைப்பவர்களுக்கு இலவசம். இது தெரியாமல் காசு கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் இது தற்காலிக மூச்சுதான்.

நிரந்தர வழி என்று நான் நம்புவது லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று உபுண்டு, லினக்ஸ் மிண்ட் என்று பல வடிவங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தொந்தரவின்றி ஓடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் டெலிமா தளம் உலாவியில் திறப்பது, ஆகவே அதிலும் திறக்கும். வங்கிப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தருவதும் இப்போது பெரும்பாலும் கைப்பேசிச் செயலியில்தான்.

எதெல்லாம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸுக்கென எழுதிய மென்பொருள் அப்படியே லினக்ஸில் ஓடாது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டச்சு பழகியவர்கள் விண்டோஸ் பதிப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு, அமைப்புகளில் சேர்த்துக்கொண்டால் போதும். கோவில் கணக்கு, சங்கக் கடிதம், திருமண அழைப்பு என்று பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். இல்லையென்றால் திறக்கும்போது தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துக் குப்பைதான் இருக்கும். பழைய அச்சுப்பொறி வேலை செய்யுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நிறுவாமலே சோதிக்கலாம் என்பது லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் திறந்து, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி எல்லாவற்றையும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவைக் கழற்றிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

லினக்ஸின் நிறுவல் கோப்பை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2016 பிப்ரவரியில் மிண்டின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குள்ளேயே ஊடுருவிகள் புகுந்து, நச்சு கலந்த பதிப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் இறக்குவதோடு நில்லாமல், கோப்புக்குரிய சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடச் சொல்வது இதனால்தான். யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து நிறுவாதீர்கள்.

உண்மையான இழப்பு நடப்பது மாற்றும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். நிறுவும்போது 'வட்டு முழுவதையும் அழி' என்றொரு தெரிவு வரும். அதை அழுத்தினால் பாட்டியின் கடைசிப் படமும் மகனின் எஸ்.பி.எம். தேர்வுக் குறிப்புகளும் போய்விடும். இன்னொன்று பிட்லாக்கர். பல மடிக்கணினிகளில் வட்டு தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. கணினி தொடங்கும் (பூட்) அமைப்பை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே அதைத் தாளில் எழுதி வையுங்கள். அந்த எண்ணும் கோப்புகளின் நகலும் இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது. மழை இடியுடன் மின்சாரம் போகும் மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மின்கலம் நிறைந்திருக்கட்டும், மின்னிணைப்பும் இருக்கட்டும்.

இந்த வேலைக்குக் கணினியைக் கடையில் கொடுப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, சேவை தருபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. அவர் கவனக்குறைவால் உங்கள் கோப்புகள் அழிந்தால் அது வெறும் துரதிர்ஷ்டம் ஆகிவிடாது, சேவைக் குறைபாடு ஆகலாம். ரசீதின் அடியில் 'கோப்பு இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அந்தச் சட்டம் தரும் உரிமைகளை ஒப்பந்த வாசகம் ஒன்றால் பறித்துவிட முடியாது. ஆனால் சான்று வேண்டும். என்ன வேலை, எவ்வளவு கட்டணம், கோப்புகளை நகலெடுப்பது யார் பொறுப்பு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கினாலும் பயன்படும்.

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தோமே தவிர, அந்தரங்கப் படங்களைப் புரட்டிப் பார்க்கக் கொடுக்கவில்லை. அனுமதியின்றி கணினித் தரவுக்குள் நுழைவது கணினிக் குற்றச் சட்டம் 1997இன்படி குற்றம். ஐம்பதாயிரம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை வாய்விட்டே பேச வேண்டும். படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டுக்கு மாற்றி, கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுப்பதே நல்லது.

மலிவு விலையில் 'ஒரிஜினல் விண்டோஸ்' போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். உரிமமற்ற மென்பொருளை விற்பது பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி குற்றம். திருட்டுப் பிரதியை இயக்கத் தரும் கருவிகளில் நச்சுநிரல் ஒளிந்திருப்பதும் உண்டு. 'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுதும் எச்சரிக்கை வந்தாலும் நம்பாதீர்கள். மைக்ரோசாப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைத்தால் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள், பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையோ தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் முதல் சில மணி நேரம்தான் மீட்க வாய்ப்பு. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கணினி ஊடுருவப்பட்டிருந்தால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்குத் தெரிவிக்கலாம்.

கடைக்காரரிடம் நியாயம் கிடைக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். பிரச்சினை நிகழ்ந்து மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோக வேண்டும். மாநிலத் தலைநகர் குவாந்தானோ கேமரன் மலையிலிருந்து வெகு தூரம். ஆனால் கோரிக்கையை இணையம் வழியே பதிவு செய்யலாம், பயணத்துக்குப் பயந்து விட்டுவிட வேண்டியதில்லை. தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றமாகும். உள்நாட்டு வர்த்தக அமைச்சின் 1-800-886-800 எண்ணிலும் புகார் சொல்லலாம்.

நடுவர் மன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும். அழிந்த படங்களை அதனால் திருப்பித் தர முடியாது. ஆகவே நகலெடுத்த வட்டை இன்னொரு கணினியில் செருகி, உள்ளே இருக்கும் படங்களில் சிலவற்றையாவது திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு மடிக்கணினியைக் கடைக்காரர் கையில் கொடுங்கள்.