வாயில்லாச் சீவன்களின் இயன்மருத்துவர்

நோயுற்ற மனிதன் வைத்தியரிடம் சென்று, "இந்த இடத்தில் நோகிறது, படியேறும்போது கூடுகிறது, படுத்தாற் குறைகிறது" என்று தன் துன்பத்தைத் தானே எடுத்துச் சொல்லுகிறான். வைத்தியரின் வேலையிற் பாதி அச்சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. நாயும் குதிரையும் மாடும் அவ்வாறு சொல்லமாட்டா. அதனாலேயே அவற்றை வாயில்லாச் சீவன்கள் என்று இரக்கத்தோடு கூறுவது தமிழ் வழக்கு. அவை சொல்லாத நோவைக் கண்ணாலும் கையாலும் அறிந்து, தளர்ந்த உறுப்பை மீண்டும் தொழிற்படச் செய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் சிலர் உளர். விலங்கு இயன்மருத்துவர் என்று அவர்களை அழைக்கலாம். இங்கிலாந்தில் வேகமாக வளர்ந்துவரும் இத்தொழிலின் இயல்பையும் அருமையையும், அதனோடு சேர்ந்து வளரும் ஓர் அபாயத்தையும் நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

பிசியோதெரபி என்று பலரும் வழங்கும் இயன்மருத்துவம், மருந்தையும் கத்தியையும் நாடாது, அசைவு, பயிற்சி, பிடித்துவிடுதல், வெப்பம், குளிர், நீர், மின்சாரம் முதலியவற்றால் உடலின் இயக்கத்தை மீட்கும் முறையாகும். இங்கிலாந்தில் 1894 ஆம் ஆண்டு நான்கு தாதியர் சேர்ந்து இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். உடம்பு பிடித்துவிடும் தொழிலின் பெயரைத் தகாதவர்கள் பயன்படுத்தி அதற்கு இழுக்குத் தேடித்தந்த காலம் அது. முறையாகக் கற்றவர் யார், கல்லாதவர் யார் என்று பொதுமக்கள் பிரித்தறிய வேண்டும் என்பதே அத்தாதியரின் நோக்கம். அவர்கள் தொடங்கிய சங்கம் 1920 இல் அரச பட்டயம் பெற்றது. இன்று அந்நாட்டில் மனிதருக்குச் சிகிச்சை செய்யும் இயன்மருத்துவர் என்ற பெயர் சட்டத்தாற் காக்கப்படுகிறது. பதிவு பெறாத ஒருவர் அப்பெயரைச் சூடிக்கொள்ளல் குற்றமாகும்.

மனிதருக்கென எழுந்த இக்கலை விலங்குகளிடம் சென்றது குதிரையின் வழியாகவேயாம். 1930களின் இறுதியில் சாள்ஸ் ஸ்ட்ரோங் என்னும் இயன்மருத்துவர் இலண்டனிற் புகழ்பெற்றிருந்தார். அவரிடம் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவர்களுள் ஒருவர் மவுண்ட்பேற்றன் பிரபு. பின்னாளிற் தென்கிழக்காசியப் படைகளின் தலைமைத் தளபதியாகி, 1944 இல் தம் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியவரும் இவரே. போலோ விளையாட்டில் மிக்க ஆர்வமுடைய மவுண்ட்பேற்றன், மனிதத் தசைக்கு நன்மை செய்யும் முறை குதிரையின் தசைக்கும் நன்மை செய்யாதோ என்று வினவினார். ஸ்ட்ரோங் அதனை முயன்று பார்த்துப் பயன் கண்டார். தம் அனுபவத்தைப் பின்னர் நூலாகவும் எழுதினார். 1980களின் நடுப்பகுதியில், பட்டயம் பெற்ற இயன்மருத்துவர்களுட் விலங்குகளுக்குச் சிகிச்சை செய்வோர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். குதிரையோடு நாயும் இவர்களின் கவனத்திற்கு வந்தது. நாய்களுக்கு மூட்டுச் சத்திரசிகிச்சை செய்வது வழக்கமாயிற்று. வளர்ப்பு விலங்குகளின் ஆயுள் நீண்டது. முதுமையின் மூட்டு வாதமும் அதனோடு கூடிற்று. சத்திரசிகிச்சை முடிந்தபின் நாயை மீண்டும் நடக்கப் பழக்குவது யார் என்ற கேள்விக்கு விடையாகவே இத்தொழில் விரிந்தது.

மனிதவுடலைக் கற்றவர் அதே அறிவைக்கொண்டு விலங்குக்குச் சிகிச்சை செய்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. குதிரைக்குக் காறையெலும்பு இல்லை. அதனால் அதன் முன்கால்கள் எலும்பினால் உடலோடு பூட்டப்பட்டிராமல், தசைகளாலேயே தூளி கட்டியது போல் இணைக்கப்பட்டுள்ளன. ஆயினும் உடற்பாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கை அம்முன்கால்களே தாங்குகின்றன. முன்கால் முட்டிக்குக் கீழே தசை இல்லை என்றே சொல்லலாம். நெடிய தசைநாண்களே உண்டு. பந்தயக் குதிரையொன்று முழு வேகத்தில் ஓடும்போது அந்நாண்கள் தம் தாங்குதிறனின் எல்லையை அணுகுகின்றன. கிழிந்த நாண் ஆறப் பல மாதங்கள், சிலவேளை ஓர் ஆண்டும் செல்லும். பொறுமையிழந்த சொந்தக்காரர் குதிரையை முன்னதாகவே ஓடவிட்டால், அதே நாண் மறுபடியும் கிழிவது பெரும்பாலும் உறுதி. இவற்றையெல்லாம் கல்லாதவன் கை, எவ்வளவு அன்புடையதாயினும், அறிவுள்ள கையாகாது.

இனி, இயன்மருத்துவர் நோயாளியை ஆராயும் வகையைக் காண்போம். அவர் முதலில் விலங்கைத் தொடுவதில்லை, நடக்கவிட்டுப் பார்க்கிறார். முன்காலில் நோவுடைய நாயும் குதிரையும், அந்தக் கால் நிலத்திற் படும்போது தலையை உயர்த்தி, நல்ல கால் படும்போது தாழ்த்தும். நோகின்ற காலின்மேற் பாரம் விழாதபடி செய்யும் உபாயம் அது. பின்காலில் நோவானால் இடுப்பின் ஏற்றத் தாழ்விலே அது தெரியும். இருக்கும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி வைப்பதும், எழும்போது முன்கால்களால் உடலை இழுத்துக்கொள்வதும் அவருக்கு ஒவ்வொரு வாக்கியமாகும். பின்னரே கையை வைக்கிறார். தசையின் இறுக்கம், மூட்டின் வெப்பம், தொட்டவுடன் தோல் துடிக்கும் இடம் என்பவற்றை விரல்களால் அறிகிறார். தொடையின் சுற்றளவை நாடாவால் அளக்கிறார். மூட்டு மடங்கும் பாகையைக் கோணமானியால் அளக்கிறார். இவ்வளவுகள் குறித்து வைக்கப்படுகின்றன. தேறிவிட்டேன் என்று நாய் சொல்லமாட்டாது. இன்றைய அளவை ஒரு மாதத்தின் பின் எடுக்கும் அளவோடு ஒப்பிட்டே தேறியதா என்று கூறமுடியும்.

நோவை மறைப்பது வேட்டையாடப்படும் விலங்கின் இயல்பு. நொண்டும் குதிரையைச் சிங்கம் முதலிற் பிடிக்கும் என்ற பழைய அச்சம், இலாயத்திற் பிறந்து வளர்ந்த குதிரையின் உடலிலும் இன்னும் குடிகொண்டிருக்கிறது. எனினும் கூர்ந்து நோக்குவாருக்கு அதன் முகம் பேசும். காதுகள் விறைத்துப் பின்னே சாய்தல், கண் சுருங்குதல், தாடைத் தசை இறுகுதல் முதலிய ஆறு குறிகளைக்கொண்டு குதிரையின் நோவை மதிப்பிடும் முறையொன்று 2014 இல் வெளியிடப்பட்டது. சூ டைசன் என்னும் குதிரை வைத்திய அறிஞர், சவாரி செய்யப்படும் குதிரையிடம் நோவைக் குறிக்கக்கூடிய 24 நடத்தைகளை வகுத்து 2018 இல் வெளியிட்டார். அவற்றுள் எட்டோ அதற்கு மேற்பட்டனவோ காணப்படுமாயின் அக்குதிரைக்கு எலும்பிலோ தசையிலோ நோவிருத்தல் கூடும் என்பது அவர் முடிவு. வாலைச் சுழற்றுதல், வாயைத் திறத்தல், போக மறுத்தல் போன்ற செயல்கள் அப்பட்டியலில் உள்ளன. இவற்றையே குதிரையின் முரட்டுத்தனம் என்று கருதிச் சவுக்கை எடுத்தவர் எத்தனை பேர்! தண்டிக்கப்பட்ட குற்றம் பலவேளைகளில் நோயாகவே இருந்திருக்கிறது.

சிகிச்சை முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். நாயின் பின்காலில், மனிதனின் முழங்காலுக்கு நேரான மூட்டினுள்ளே, இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் ஒரு நார் உண்டு. அது அறுவது நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் துன்பங்களுள் ஒன்று. சத்திரசிகிச்சை மூட்டை உறுதிப்படுத்தும். ஆனால் பல வாரமாக ஊன்றாத காலின் தசை கரைந்து போயிருக்கும். முதலில் நாயைப் படுக்கவைத்து, மூட்டை மெதுவாக மடக்கி நீட்டுவார்கள். அடுத்துச் சில அடி நடை. அதன்பின் நீரினுள் நடை. கண்ணாடிச் சுவருடைய தொட்டியொன்றின் அடித்தளத்திற் பட்டியொன்று சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் நாய் நின்ற இடத்திலேயே நடக்கும். நீர் கணுக்கால் அளவு நின்றால் நாயின் பாரத்தில் நூற்றுக்கு 91 பங்கு காலில் இறங்கும். முழங்கால் அளவு நின்றால் 85 பங்கு. இடுப்பு மூட்டு அளவு உயர்ந்தால் 38 பங்கே இறங்கும். ஆகவே நீரைக் கூட்டியும் குறைத்தும், குணமாகும் காலின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றுவது என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார். தராசில் நிறுத்துக் கொடுப்பது போன்ற சிகிச்சை இது.

எல்லாச் சிகிச்சைக்கும் இத்தகைய பொறி வேண்டுவதில்லை. ஒரு கரட் கிழங்கைக் காட்டிக் குதிரையின் தலையை மார்புக்கும், விலாப்புறத்துக்கும், முன்கால்களின் நடுவுக்கும் வரச்செய்யும் பயிற்சி ஒன்றுண்டு. முதுகெலும்பை ஒட்டி அதனை நிலைநிறுத்தும் ஆழ்ந்த தசையை இது வலுப்படுத்துகிறது. எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதம் இப்பயிற்சியைக் கொடுத்து ஆராய்ந்தபோது, சவாரி எதுவும் இல்லாமலே அத்தசை பருத்திருந்ததென 2011 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. இதனைச் செய்யவேண்டியவர் பெரும்பாலும் குதிரையின் சொந்தக்காரரே. இயன்மருத்துவர் கிழமைக்கொரு நாள் வந்து போகிறவர்; மற்ற ஆறு நாட்களும் நோயாளி வீட்டாரின் பொறுப்பில் இருக்கிறது. ஆதலால் விலங்கைக் கையாளத் தெரிந்தால் மட்டும் போதாது. மனிதருக்கு விளங்கும்படி எடுத்துரைக்கும் ஆற்றலும் இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

இத்தொழிலின் புறத்தோற்றத்தைக் கண்டு மயங்குவோரும் உளர். நாய்க்குட்டிகளோடு கொஞ்சிக்கொண்டிருப்பதே வேலை என்று இளைஞர் சிலர் எண்ணுவர். உண்மையில் பலர் தனித்தொழில் செய்வோர். இலாயத்துக்கு இலாயம் தாமே மோட்டார் ஓட்டிச் செல்லவேண்டும். மாரிகாலக் குளிரில், திறந்த கொட்டிலில், அரைத் தொன் எடையுள்ள குதிரையின் பின்காலைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். உதையும் கடியும் கிடைக்கும். நோயாளிகளின் முதுகைக் காத்துத் தம் முதுகை இழப்பாரும் உண்டு.

இத்தொழிலுக்குச் செல்லும் வழிகள் இரண்டு. முதலில் மனிதருக்குரிய இயன்மருத்துவத்திற் பட்டம் பெற்று, பின்னர் விலங்குகளைப் பற்றி மேற்படிப்புப் படிப்பது பழைய வழி. விலங்கு இயன்மருத்துவத்தையே தொடக்கத்திலிருந்து பட்டப்படிப்பாகக் கற்பது புதிய வழி. ஹாப்பர் அடம்ஸ் பல்கலைக்கழகம் போன்றன அதற்கு இடமளிக்கின்றன. இருவழியும் பல்லாண்டு உழைப்பை வேண்டுவன.

இங்கேதான் முன்னர்க் குறித்த அபாயம் எழுகிறது. இங்கிலாந்தில் மனிதரின் இயன்மருத்துவர் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விலங்கு இயன்மருத்துவர் என்ற பெயருக்கு அது இல்லை. பல்லாண்டு படித்தவரும், சில வார இறுதிகளிற் கற்றவரும், ஒன்றுமே கல்லாதவரும் ஒரே பெயர்ப்பலகையைத் தொங்கவிடலாம். தகுதியுடையோரின் பட்டியல்களைச் சில அமைப்புகள் வைத்துள்ளன. ஆனால் அவற்றிற் சேர்வது அவரவர் விருப்பம். 1894 இல் நான்கு தாதியர் மனித வைத்தியத்தில் எதிர்த்துப் போராடிய குழப்பம், ஒரு நூற்றாண்டு கடந்தும் விலங்கு வைத்தியத்தில் தீரவில்லை.

சட்டம் வேறொரு வேலியை இட்டிருக்கிறது. 1966 ஆம் ஆண்டின் மிருக வைத்தியர் சட்டப்படி, விலங்கின் நோயை நிர்ணயித்துச் சிகிச்சை செய்யும் உரிமை பதிவு பெற்ற மிருக வைத்தியருக்கே உண்டு. எனினும், மிருக வைத்தியர் விலங்கைப் பரிசோதித்து இயன்மருத்துவம் வேண்டுமென விதித்தால், அவருடைய பணிப்பின்கீழ் மற்றொருவர் அதனைச் செய்யலாம் என்று 1962 ஆம் ஆண்டுக் கட்டளை அனுமதித்திருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2015 ஆம் ஆண்டுக் கட்டளையும் அவ்வாறே கூறுகிறது. முதலில் மிருக வைத்தியர், அடுத்து இயன்மருத்துவர் என்பதே ஒழுங்கு.

இவ்வொழுங்கு வெறும் உத்தியோகச் சடங்கென எண்ணுவாருக்கு ஒரு நோயைக் கூறினாற் போதும். டாஷண்ட் என்னும் சாதி நாய்க்கு நெடிய உடலும் குட்டைக் கால்களும் உண்டு. வளைக்குள் நுழைந்து வேட்டையாடுவதற்காக ஜேர்மனியில் வளர்த்தெடுக்கப்பட்ட அமைப்பு அது. இச்சாதி நாய்களுக்கு முதுகெலும்புகளிடையே உள்ள வட்டுக்கள் இளமையிலேயே கெட்டுப் பிதுங்கி, முண்ணாணை நெரிப்பதுண்டு. காலையில் முதுகைக் கூனி நின்ற நாய், மாலையிற் பின்கால்களை இழுத்துக்கொண்டு போகும். விரலை அழுத்திக் கிள்ளினால் நோவை உணரும் சக்தி எஞ்சியிருக்கும்போதே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட நாய்களுட் பெரும்பாலானவை மீண்டும் நடக்கின்றன. அவ்வுணர்ச்சியும் அற்றபின் செய்தால் ஏறக்குறையப் பாதி நாய்களே எழுந்து நடக்கின்றன. இடையில் இருப்பது சில மணி நேரம். அந்த நேரத்தில் அரைகுறையாகக் கற்ற ஒருவர், இது சுளுக்கு என்று கூறிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தால் நாயின் கால்கள் என்றென்றைக்கும் போய்விடும். தேர்ந்த இயன்மருத்துவரோ தம் கையை எடுத்துவிட்டு, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள் என்பார். சத்திரசிகிச்சை முடிந்தபின் அதே நாயைத் துணிப்பட்டியால் தாங்கி, நாட்கணக்காக நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் பழக்குபவரும் அவரே.

விலங்கைச் சிகிச்சைக்கு ஒப்படைப்போர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: எங்கே, எத்தனை ஆண்டு கற்றீர்? எந்தப் பட்டியலில் உமது பெயர் உள்ளது? என் மிருக வைத்தியரோடு பேசினீரா? கற்றறிந்தவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளார், கேட்குமுன்னரே விடையளிப்பார். இத்தொழிலை நாடும் இளைஞரும் இவற்றைத் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நன்று. மனித நோயாளி, தவறான சிகிச்சை பெற்றால் முறையிடுவான், வழக்கும் தொடுப்பான். வாயில்லாச் சீவன் எதுவும் செய்யாது. தன்னைத் துன்புறுத்திய கையையும் அடுத்த முறை நக்கிக்கொடுக்கும். முறையிடத் தெரியாத நோயாளியின் முன்னே நிற்பவர் தம் அறிவின் எல்லையைத் தாமே அறிந்து, அவ்விடத்தில் நின்றுவிடக் கற்றிருத்தல் வேண்டும்.