பேக் பட்டனை அழுத்தும் முன்...

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமா அவசரமாகக் கூப்பிட்டார். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் மகளின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்தார். கார்டு எண், ஓ.டி.பி. எல்லாம் கொடுத்த பிறகு திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. பொறுமை இழந்து பேக் பட்டனை அழுத்தி, மறுபடியும் பணம் கட்டினார். 1,200 ரூபாய் இரண்டு முறை போய்விட்டது. "பேக் அழுத்தினால் கேன்சல் ஆகிவிடும் என்று நினைத்தேன், தம்பி" என்றார்.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பேக் பட்டன் உங்கள் திரையில் பக்கத்தை மட்டுமே திருப்பும். சர்வரில் நடந்துவிட்ட வேலையைத் திருப்பாது. தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தால், கடிதம் கைக்கு வந்துவிடுமா?

கெட், போஸ்ட்

பிரவுசர் தகவல்களை அனுப்ப முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒரு சொல்லைத் தேடும்போது, அந்தச் சொல் முகவரிக் கட்டத்தில் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். இது கெட் முறை. எத்தனை முறை அனுப்பினாலும் பாதிப்பில்லை. விண்ணப்பம், பணம் செலுத்துதல் போன்றவை போஸ்ட் முறையில் செல்கின்றன. தகவல்கள் முகவரியில் தெரியாது. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் சர்வரில் ஒரு புதிய பதிவு உருவாகலாம்.

அதனால்தான் இத்தகைய பக்கத்தை ரெப்ரெஷ் செய்தால் குரோம் பிரவுசர் 'கன்பர்ம் பார்ம் ரீசப்மிஷன்' என்று எச்சரிக்கிறது. பயர்பாக்ஸ் 'ரீசென்ட்' பட்டனைக் காட்டும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: முன்பு அனுப்பியதை மீண்டும் அனுப்பட்டுமா? இங்கே கேன்சல் என்பதில் கிளிக் செய்யுங்கள்.

புரோகிராமர் செய்ய வேண்டியது

தவறு பயன்படுத்துபவரிடம் மட்டும் இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய பதிவுப் படிவத்தில் ஒரே நபரின் பெயர் மூன்று முறை ஏறியது. காரணம் என் புரோகிராம்தான். போஸ்ட் முறையில் தகவல் வந்தவுடன், சர்வர் 303 என்ற குறியீட்டை அனுப்பி, பிரவுசரை வேறொரு பக்கத்துக்கு கெட் முறையில் திருப்பிவிட வேண்டும். பிறகு ரெப்ரெஷ் செய்தாலும் 'பதிவாகிவிட்டது' என்ற பக்கமே மீண்டும் வரும். ஒவ்வொரு படிவத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் மறுப்பதும் அவசியம். எல்லாத் தளங்களும் இதைச் செய்வதில்லை. எனவே நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. திருத்தம் செய்ய, படிவத்திலேயே உள்ள 'முந்தைய பக்கம்' அல்லது 'எடிட்' பட்டனைப் பயன்படுத்துங்கள். பிரவுசரின் பேக் பட்டன் வேண்டாம்.

2. நீளமான பதில்களை முதலில் நோட்பேடில் டைப் செய்து சேமித்து, பின் படிவத்தில் ஒட்டுங்கள். பேக் அழுத்தினால் டைப் செய்தவை மறைந்துபோகலாம்.

3. இடையில் வேறு தகவல் தேவைப்பட்டால், லிங்க்கை ரைட் கிளிக் செய்து புதிய டேபில் திறந்து பாருங்கள்.

4. சப்மிட் பட்டனை ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். அதற்கு முன் கண்ட்ரோல்+பி அழுத்தி, பக்கத்தை பி.டி.எப். பைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள்.

5. பக்கம் நின்றுவிட்டால் உடனே மறுபடி பணம் கட்டாதீர்கள். வங்கியின் எஸ்.எம்.எஸ்.ஸைப் பாருங்கள். புதிய டேபில் அதே தளத்தில் நுழைந்து விண்ணப்பத்தின் நிலையைச் சரிபாருங்கள்.

பணம் போய்விட்டால்?

கார்டு மூலம் இணையத்தில் கட்டிய பணம் கணக்கில் கழிந்து, தளத்துக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையின் விதி. ஆனால் இரண்டு முறையும் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் இந்த விதி உதவாது. தளத்தை நடத்துபவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மாமாவும் அப்படித்தான் கேட்டார். இரண்டு பரிவர்த்தனை எண்களையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, மூன்று வாரம் கழித்துதான் ஒரு கட்டணம் திரும்பி வந்தது. இரண்டு நிமிடம் காத்திருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.