பூச்சி மருந்தும் உயிர்ச்சத்துக் கவசமும்

ஐம்பூதத் தலங்களுள் வாயுத் தலமாகப் போற்றப்படுவது காளஹஸ்தி. காற்றுப் புகாத கருவறையில் ஒரு தீபம் மட்டும் அசைந்துகொண்டே இருப்பதை வாயுவின் அடையாளமாக அன்பர்கள் வணங்குகின்றனர். கோயிலை ஒட்டி ஓடும் பொன்முகலி ஆற்றின் படுகையில் நெல்லும் நிலக்கடலையும் விளைகின்றன. பயிர்ப் பருவத்தில் அவ்வயல்வெளிக் காற்றில் பூச்சிக்கொல்லியின் நெடியும் கலந்து வருவதுண்டு.

பயிர்க்கடன் நாடி வரும் உழவர்களுடன் உரையாடுகையில் ஒரு கேள்வியை நாம் எதிர்கொள்கிறோம். “மருந்தடிக்கிற அன்றைக்கு வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதாமே, உண்மையா சார்?” என்கின்றனர். இக்கேள்வியில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை நம்பிவிட்டால் உயிருக்கே கேடு வரலாம். எனவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பூச்சிக்கொல்லி உடலில் இரு வழிகளில் தீங்கு செய்கிறது. குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்புகளின் செயலைச் சீராக வைத்திருக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. வியர்வை, வாயில் நீர் ஊறுதல், கண்பாவை சுருங்குதல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியன இதன் அறிகுறிகள். இது சில மணி நேரத்திலேயே வெளிப்படும் தீங்கு.

இரண்டாவது தீங்கு மெதுவாக நிகழ்வது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி, உடலுக்குள் நிலையற்ற மூலக்கூறுகளாக மாறுகிறது. இவை செல்களின் கொழுப்புறையையும் மரபுப்பொருளையும் அரிக்க வல்லவை. இரும்பு துருப்பிடிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். இயல்பான நிலையில் உடலே இவற்றை அவ்வப்போது நீக்கிவிடுகிறது. பூச்சிக்கொல்லி மீண்டும் மீண்டும் உடலில் சேரும்போது இம்மூலக்கூறுகள் பெருகி, வரவை மிஞ்சிய செலவுபோல் உடலின் காப்புத்திறனை மிஞ்சிவிடுகின்றன.

உயிர்ச்சத்துகளுக்கு இங்கேதான் பங்குண்டு. கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து ‘ஈ’ செல்லின் உறையில் தங்கி, அதனைச் சிதைவிலிருந்து காக்கிறது. அப்பணியில் தன் ஆற்றலை இழக்கும் உயிர்ச்சத்து ‘ஈ’யை, நீரில் கரையும் உயிர்ச்சத்து ‘சி’ மீண்டும் புதுப்பிக்கிறது. பூச்சிக்கொல்லி கொடுக்கப்பட்ட எலிகளுக்கு இவ்விரண்டையும் அளித்த ஆய்வுகளில் செல்சிதைவு குறைந்தது. ஆயினும் முற்றாக நீங்கிவிடவில்லை. மேலும், உடனடியாக உயிரைப் பறிக்கும் நரம்பு நஞ்சை முறிக்கும் மருந்தாக எந்த உயிர்ச்சத்தையும் கொள்ள இயலாது.

எலிகளிடம் கண்டதை மனிதர்க்கு அப்படியே பொருத்துவதும் தவறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது. அமெரிக்காவில் நடந்த பேராய்வு ஒன்றில், நாள்தோறும் அதிக அளவு உயிர்ச்சத்து ‘ஈ’ உண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்தது 2011இல் தெரியவந்தது. எனவே மருத்துவர் அறிவுரையின்றி மாத்திரைகளை விழுங்குதல் நன்றன்று.

உணவின் வழியே பெறுவதில் இத்தகைய அச்சம் இல்லை. நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி. உயிர்ச்சத்து ‘சி’ தேவை என ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. ஒரு கொய்யாப்பழமே இதனை நிறைவு செய்யும். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் இச்சத்து மிக்கவை. வெப்பத்தில் இச்சத்து அழிவதால், எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிய வேண்டும். உயிர்ச்சத்து ‘ஈ’ நம் நிலத்திலேயே விளையும் நிலக்கடலையில் உள்ளது.

ஆயினும் முதற்கவசம் உணவன்று. நஞ்சு உடலில் படாமல் காப்பதே. இந்தியாவின் மூன்று கிராமங்களில் 2003இல் பருத்தி உழவர் குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் பதிவான 323 தெளிப்பு நிகழ்வுகளுள் ஏறத்தாழ 84 விழுக்காட்டில் நச்சு அறிகுறிகள் தோன்றின. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவர்கூட மருத்துவரை நாடவில்லை. நிலக்கிழார்களைவிடக் குறுநில உழவர்களே மிகுதியாகத் துன்புற்றனர்.

தெளிப்பவரின் உடலில் நஞ்சு பெரும்பாலும் தோலின் வழியே நுழைகிறது. ஆகவே ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலணி, முகக்கவசம் ஆகியன இன்றியமையாதவை. முகத்தில் கட்டும் துண்டு மருந்தை உறிஞ்சி மூக்கருகே வைத்துக்கொள்ளுமேயன்றித் தடுக்காது. காற்று வீசும் திசைக்கு எதிராகத் தெளித்தல் கூடாது. இடையே பீடி, வெற்றிலை வேண்டா. மருந்தைக் கலக்கும் பெண்களுக்கும் இவையனைத்தும் பொருந்தும். பணி முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும். புட்டியிலுள்ள முக்கோணத்தின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். மஞ்சள், நீலம், பச்சை என நச்சுத்தன்மை படிப்படியாகக் குறையும். அறிகுறி தோன்றினால் அப்புட்டியின் சீட்டுடன் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பயிர்க்கடன் மதிப்பீட்டில் பூச்சி மருந்துக்கென ஒரு தொகையை நாம் தவறாது குறிக்கிறோம். கையுறையைப் பற்றிக் கேட்பவர் அரிது. உழவர் கடன் அட்டையில் சாகுபடித் தொகையுடன் அதன் 10 விழுக்காடு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் எனச் சேர்க்கப்படுகிறது. பாதுகாப்புப் பொருள்களின் விலை அதில் மிகச் சிறு பங்கே. அடுத்த பருவத்தில் மருந்துக் கடைக்குச் செல்லும் வாடிக்கையாளர்கள், புட்டியுடன் ஒரு சோடிக் கையுறையும் வாங்கி வருவார்களாக. வீடு திரும்பும் வழியில் நான்கு கொய்யாப்பழங்களும் வாங்கினால் இன்னும் நன்று.